க/பெ அஸ்கர் அலி

அமெரிக்காவில் அஸ்கர் அலிக்கு இன்டர்வியூ நடந்த அன்று, புதுவாயலில் அவன் அம்மா சாயிரா பானு நோன்பு வைத்தாள். மருமகள் ஜபீனும் வைத்தாள். தன் புருஷனுக்கும் இன்னொருத்திக்கும் நடந்த கல்யாணம் உண்மையான கல்யாணம்தான் என்று அந்த நாட்டு ஆபீசர் நம்ப வேண்டும் என்பதற்காகக் கட்டின பெண்டாட்டி பட்டினி கிடந்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் குழாய் மூட்டுகள் வார்க்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. மெஷினிலிருந்து சூடாக வந்து விழுகிற மூட்டுகளின் பிசிறைப் பிளேடால் சீவ வேண்டும். உள்ளே மரை இருக்கும். அதில் பிளேடு பட்டுவிட்டால் மூட்டு குப்பைக்குப் போகும், சூப்பர்வைசர் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வரும். அன்று சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவளை, அடுத்த மேசை விக்டோரியா ரம்ஜான்கூட இல்லையே, இன்னா விசேஷம் என்று விசாரித்தாள். ஜபீன் விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லா வேண்டிக்கோ," என்றாள் விக்டோரியா. "அப்படியே அவங்களுக்குப் பொறக்கப்போற கொயந்தைக்கும் சேத்து வேண்டிக்கோ."

ஜபீன் சிரித்தாள். ஏழு வருஷமாக இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் சிரித்துச் சிரித்து முகம் அதற்குப் பழகிப் போயிருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரம் மார்ச்சில், பழவேற்காட்டிலிருந்து ஓர் இறால் ஏற்றுமதி முதலாளி அமெரிக்காவில் நடந்த மீன் கண்காட்சிக்குப் போனார். இறாலைக் கையில் எடுத்தவுடன் கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன் அஸ்கர் அலி என்பதால் அவனையும் கூட அழைத்துப் போனார். பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான். ஜபீனுக்கு அப்போது ஏழாம் மாதம். முதலாளி திரும்பி வந்தார், அவன் வரவில்லை. அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. ஆறு மாதத்தில் விசா முடிந்தது. அதற்குப் பிறகு அவன் அந்த ஊரில் இருந்ததெல்லாம் திருட்டு இருப்புத்தான். வந்தால் திரும்பிப் போக முடியாது என்பதால் வரவில்லை. மகள் ரமீஸாவைப் போட்டோவில் பார்த்ததோடு சரி.

இரண்டாயிரத்து இரண்டில் அங்கே விசா இல்லாதவர்களை ஆள்பிடிப்பது அதிகமாக இருப்பதாகப் பேச்சு வந்தது. கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கிறவனைத்தான் விமானத்தில் ஏற்றி அனுப்புவான், பாஸ்போர்ட்டே இல்லாதவனை எந்த ஊருக்கு அனுப்புவான்? அஸ்கர் அலி நம்பினான். ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் இரண்டு சோப்பு, ஒரு ஷாம்பு, ஒரு பூத்துவாலையோடு தன் பாஸ்போர்ட்டையும் கொடுத்தனுப்பினான். அதில் ஒரு வெள்ளை அட்டை பின் அடித்து இருந்தது. அந்த நாட்டில் கால் வைத்த அன்று ஏர்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுத்த அட்டை. இவன் வாசல் வழியாகத்தான் வந்தான், வேலி தாண்டி வரவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அப்போது அது யாருக்கும் தெரியாது.

அப்புறம்தான் கல்யாணம். இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அதைச் சொன்னான். பேப்பர் கல்யாணம் என்றான். கடைக்கு வந்து போகிற ஓர் அம்மா, அந்த நாட்டுக்காரி. கிரீன் கார்டு வரும்வரைதான், வந்ததும் பிரிந்துவிடலாம், பிறகு உன்னையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்கிறேன் என்றான். அவன் தம்பி மொஹசின் அதையே இன்னும் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து விளக்கினான். சாயிரா பானு, ஆண்பிள்ளைக்கு நாலு வரைக்கும் மார்க்கத்தில் இடம் உண்டு, தலாக் சொல்லாத வரைக்கும் நீதான் மூத்தவள், உன் இடம் எங்கேயும் போய்விடாது என்று மருமகளின் தலையைத் தடவினாள். ஜபீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்று சொல்லும்படியும் அவளை யாரும் கேட்கவில்லை.

இன்டர்வியூவுக்கு மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. முதலில் அம்மாவிடம் பேசினான், பிறகு ஜபீனிடம். பரீட்சை நன்றாக எழுதிவிட்டு வந்த பையனைப் போல அவன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து, ஒரே கேள்வியை இரண்டு பேரிடமும் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்களாம்.

"ஒண்ணுகூட தப்பு இல்ல ஜபீன். எந்தப் பக்கம் படுப்பா, காலைல நாஷ்டா இன்னா, இன்னா சோப்பு போடுவா, எல்லாத்துக்கும் கரெக்டா சொன்னேன். அந்தம்மாவும் கரெக்டா சொல்லிச்சு. ஆபீசரே சிரிச்சிட்டான்."

ஜபீன் நல்லது என்றாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆபீசர் கடைசியில், நீ இந்த நாட்டுக்குள் எப்படி வந்தாய், அதற்கான காகிதத்தைக் காட்டு என்று கேட்டிருக்கிறான். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது, புதிதாக வாங்கியிருக்கிறேன் என்று இவன் சொல்லியிருக்கிறான். அப்படியானால் வந்ததற்கு ஆதாரம் கொண்டுவா, முப்பது நாள் தருகிறேன், இல்லையென்றால் மனு தள்ளுபடி என்று ஆபீசர் எழுதிக் கொடுத்துவிட்டான். அந்தப் பழைய பாஸ்போர்ட் வேண்டும், அதிலிருக்கிற அட்டை வேண்டும், நீதான் தேடி எடுக்க வேண்டும் என்றான்.

அன்று பிசிறு சீவிக்கொண்டே ஜபீன் இதை விக்டோரியாவிடம் சொன்னாள். விக்டோரியா பிளேடை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஆபீசர் ஆனாள்.

"சொல்லும்மா. உம் புருசன் எந்தப் பக்கம் படுப்பான்?"

"செவுத்துப் பக்கம்."

"அது ரெண்டாயிரத்துல. இப்ப?"

ஜபீன் குனிந்து அடுத்த மூட்டை எடுத்தாள்.

"டீக்குச் சக்கரை போட்டுக்குவானா? மூக்குக்கண்ணாடி வந்துடுச்சா? தல நரைச்சிடுச்சா? ஒண்ணுக்கும் பதில் இல்ல. நீ பெயிலு. நெக்ஸ்ட்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜபீனும் சிரித்தாள். ஆனால் அன்று இரண்டு மூட்டுகளின் மரையில் பிளேடு பட்டது.

வீட்டில் தேடல் ஆரம்பித்தது. டிரங்குப் பெட்டி, பரண், அரிசி டிரம்முக்குப் பின்னால், எல்லாம் பார்த்தார்கள். பாஸ்போர்ட் இல்லை. மூன்றாம் நாள் சாயிரா பானு தேடிக்கொண்டிருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அவள் புருஷன் கிஃபாயத்துல்லா பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்தவர். கடிதமோ சீட்டோ, எதை எழுத எடுத்தாலும் தலையில் அல்லாஹ்வின் பெயருக்கு ஈடாக 786 என்று போடாமல் பேனாவைக் கீழே இறக்க மாட்டார். அந்த எண் எழுதின காகிதத்தைக் குப்பையில் போடக்கூடாது, பொட்டலம் மடிக்கவும் கொடுக்கக்கூடாது. அதனால் நாற்பது வருஷக் காகிதம் ஒரு சாக்குப் பையில் சேர்ந்து கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மௌத்தானதும், அந்த ஊரில் வழக்கமாகச் செய்கிறபடி, பையின் வாயைக் கட்டி ஒரு கல்லையும் சேர்த்துப் படகில் எடுத்துப் போய் ஏரியில் இறக்கிவிட்டான் மொஹசின். மகன் அனுப்பிய பாஸ்போர்ட்டைக் கிஃபாயத்துல்லா பத்திரமாக ஒரு பழைய கடிதத்தில் சுற்றி அந்தப் பையில்தான் வைத்திருந்தார். வைத்ததைப் பார்த்தவள் சாயிரா பானு. பை போனபோது, புருஷன் போனவள் வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தாவில் உள் அறையில் அழுதுகொண்டிருந்ததால் அவளுக்கு அது தோன்றவில்லை. இத்தா முடிந்த பிறகுதான் அவளும் மொஹசினும் புதுவாயலுக்கு ஜபீனோடு இருக்க வந்தார்கள்.

கொஞ்ச நேரம் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தவள், பிறகு மருமகளைப் பார்த்துத் திரும்பினாள். புருஷன் பாஸ்போர்ட்டைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளாத பெண்டாட்டி எந்த ஊரில் இருக்கிறாள் என்றாள். ஜபீன் இறைந்து கிடந்த சாமான்களைத் திரும்ப அடுக்கினாள். வெள்ளை அட்டை பழவேற்காட்டு ஏரியின் சேற்றில் கிடந்தது. இரண்டு வருஷத்து உப்புத் தண்ணீரில் அதில் எழுத்து என்று ஒன்று மிஞ்சியிருக்கப் போவதில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஒரு வாரம் கழித்து, ரமீஸாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது ஜபீனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சொன்னால் அவன் வருவான், தங்களை அழைத்துக்கொள்வான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்ததால் சொல்லிவிட்டாள்.

இரண்டாயிரத்து மூன்றில் அவள் கம்பெனி வேலைக்காகப் புதுவாயலுக்கு வந்தபோது ரேஷன் கார்டை மாற்றித் தரச் சொல்லித் தாலுக்கா ஆபீசில் மனுக் கொடுத்திருந்தாள். குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்டார்கள். அமெரிக்கா என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். மாமனாரிடம் கேட்டு பாஸ்போர்ட்டை வாங்கிப்போய், முத்திரை குத்தின பக்கத்தையும் வெள்ளை அட்டையையும் ஒரே தாளில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டை மாமனாரிடமே திருப்பிக் கொடுத்தாள். அந்தத் தாள் மனுவோடு இன்னும் ஆபீசில் இருக்கும்.

மொஹசின் உடனே அண்ணனுக்குப் போன் போட்டான். ஜெராக்ஸ் போதும், முத்திரையின் தேதியும் அட்டையின் நம்பரும் தெரிந்தால் போதும், அதை வைத்து நகல் வாங்கிவிடலாம் என்று அங்கே வக்கீல் சொன்னாராம். அஸ்கர் அலி போனிலேயே ஜபீனுக்குத் துவா செய்தான்.

மனுக் கொடுத்தவளே நேரில் வர வேண்டும் என்றார்கள். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஜபீன் மூன்று தடவை போனாள். மூன்றாவது தடவை கிளார்க் ராஜமாணிக்கம் ஒரு கட்டைப் பிரித்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பழுப்பேறின அந்த மனுவை எடுத்தார். நாலு வருஷத்துக்கு முன் மனுவை வாங்கினவரும் அவர்தான். ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு அதன் நடுவில் இருந்ததை அவர் வாய்விட்டுப் படித்தார்.

மேலே முத்திரை, கீழே அட்டை, இரண்டுக்கும் நடுவிலிருந்த வெள்ளையில் ஜபீனின் எட்டாம் வகுப்புக் கையெழுத்து இருந்தது. இந்த ஆள் உனக்கு இன்னா ஆவணும், அதை இந்தத் தாளிலேயே எழுது என்று அன்றைக்கு ராஜமாணிக்கம் சொன்னதால் எழுதியது. 'மேலே கண்ட அஸ்கர் அலி என் கணவர். அமெரிக்காவில் இருக்கிறார். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை. இப்படிக்கு, ஜபீன், க/பெ அஸ்கர் அலி.' இடம் போதாமல் கடைசி வரி சரிந்து, அட்டையின் நம்பர் மேலேயே போய் முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னும் வர்லியாம்மா உங்க ஊட்டுக்காரு?" என்றார் ராஜமாணிக்கம்.

வருவார் என்றாள். எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்து வர அனுமதித்தார். ஜபீன் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு அசல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று சாயிரா பானு மருமகளுக்குத் தன் கையாலேயே இறால் வறுத்துப் போட்டாள்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு தாள் காய்ந்துகொண்டிருந்தது. நாலு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு ஒயிட்னர் பாட்டில். தாளின் நடுவில் ஜபீனின் எழுத்து இருந்த இடம் வெள்ளையாகத் தடித்துப்போய், கட்டிக்கட்டியாக இருந்தது. ஒயிட்னர் வழிந்து நம்பரில் மூன்று இலக்கங்களையும் மூடிவிட்டிருந்தது. மொஹசின் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். இன்னொரு நகல் எங்கே அண்ணி என்றான்.

எதற்காக இதை அழித்தாய் என்று கேட்டாள். தமிழில் எழுதியிருக்கிறதே என்றான். தமிழ் அங்கே யாருக்குத் தெரியும் என்றாள். அப்படி இல்லை, வேறு பாஷையில் ஒரு வரி இருந்தாலும் இங்கிலீஷில் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், சட்டம் என்றான். மாற்றிக் கொடுக்கட்டுமே, அதில் என்ன பொய்யா எழுதியிருக்கிறது என்றாள். மொஹசின் அம்மாவைப் பார்த்தான். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க இதுக்கு முன்னாடி கல்யாணமே ஆவலன்னு எழுதிக் குட்துக்கிறாரு அண்ணி. ஆயிடுச்சுன்னு தெரிஞ்சா அந்தக் கல்யாணமே செல்லாதாம். வக்கீலுக்கே தெரியாது. பேஜாரு புடிச்ச வேலை. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"கொயந்த எத்தினின்னு கேட்டிருப்பாங்களே."

மொஹசின் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினான்.

ஜபீன் உள்ளே போனாள். மிச்சமிருந்த ஒரு நகலைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக் கருகமணியில் கோத்துக்கொண்டாள். புருஷனின் காகிதத்தைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்கிற பெண்டாட்டியாக அப்படித்தான் ஆனாள். அனுப்பினால் எழுத்தோடு அனுப்புங்கள், இல்லாவிட்டால் இங்கேயே இருக்கட்டும் என்றாள். தாலுக்கா ஆபீசுக்கு மறுபடி போகவும் மறுத்துவிட்டாள். அவள் போகாமல் அந்தக் கட்டை யாருக்கும் பிரித்துக் காட்ட மாட்டார்கள்.

வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சாயிரா பானு முதல் நாள் பேசாமல் இருந்தாள். இரண்டாம் நாள் சாப்பிடாமல் இருந்தாள். மூன்றாம் நாள் ரமீஸாவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, உங்க அத்தா வரக்கூடாதுன்னு உங்கம்மாவே முடிவு பண்ணிட்டா என்று கதை சொல்வது போலச் சொன்னாள். குழந்தை அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை. மொஹசின் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தான். முப்பதில் ஒன்பது மிச்சமிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

இந்தத் தடவை அவன் நேராக ஜபீனைக் கேட்டான். அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அவன் கோபப்படவில்லை, குழைந்தான். அது வெறும் காகிதம் என்றான். உன் பெயர் என் மனசில் இருக்கிறது, தாளில் இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்றான். இதை விட்டால் என்னைப் பிடித்து அனுப்பிவிடுவான், ஏழு வருஷம் நான் பட்டதெல்லாம் வீண் என்றான். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் என்னவோ கேட்டது. அவன் போனிலிருந்து வாயைத் திருப்பி அவளுக்குப் பதில் சொன்னான். இரண்டே வார்த்தை, அதுவும் இங்கிலீஷ், ஜபீனுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் தெரிந்தது. கல்யாணமான முதல் வருஷம், இறால் கொட்டகையிலிருந்து வந்து கதவைச் சாத்திய பிறகு அவளிடம் அவன் பேசின குரல்.

அந்த நேரத்தில்தான், அதுவரை யோசித்தே பார்க்காத ஒன்று அவள் வாயில் வந்தது.

"நான் உங்க பொண்டாட்டின்னா அந்த எழுத்து அப்படியேதான் போவும். இல்லன்னா, இல்லன்னு பள்ளிவாசல் முத்தவல்லிகிட்ட சொல்லிடுங்க. பொய்யாப் போன எழுத்த நானே அழிச்சித் தர்றேன்."

அவன் அதிர்ந்து போவான் என்று நினைத்தாள். பைத்தியமா உனக்கு என்று திட்டுவான், அழுவான், அந்தக் காகிதமே வேண்டாம் நான் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றுகூட, ஒரு பேச்சுக்காவது, சொல்வான். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு நாள் யோசிப்பான். ஒரு ராத்திரியாவது தூங்காமல் கிடப்பான். அந்த ஒரு நாள் கிடைத்தால் போதும், தாளைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடிக்கிற குடம் ஒன்று நிரம்புகிற நேரம்தான்.

"அவ்ளோதானா?" என்றான் அஸ்கர் அலி. "சொல்லிட்டா அன்னிக்கே அனுப்பிடுவியா? ஏன்னா இன்னும் ஒம்போது நாள்தான் இருக்குது."

அன்னிக்கே அனுப்பிவிடுகிறேன் என்றாள்.

வியாழக்கிழமை பழவேற்காட்டில், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி வீட்டில் உட்கார்ந்தார்கள். மொஹசினின் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு ஜமுக்காளத்தின் நடுவில் வைத்தார்கள். சாட்சிக்கு இரண்டு பேர். ஜபீனும் சாயிரா பானுவும் உள் அறையில், திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். முத்தவல்லி நல்ல மனிதர். தம்பி, பெண் பிள்ளை இருக்கிறது, அவசரப்படாதே, ஒரு மாதம் பொறு என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு மாதம் பொறுக்க முடியாது என்றான் அவன். ஏன் என்று கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னான். லைன் தெளிவாக இருந்தது, எதையும் திரும்பச் சொல்லும்படி கேட்க வேண்டியிருக்கவில்லை. முத்தவல்லி பெருமூச்சு விட்டுப் புத்தகத்தில் எழுதினார். எழுதி முடிப்பதற்குள் போனிலிருந்து குரல் வந்தது. தம்பியைக் கூப்பிட்டு, பேக்ஸ் கடைக்காரன் எத்தனை மணிக்கு மூடுவான் என்று விசாரித்தான்.

சாயிரா பானு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். ஜபீன் அழவில்லை. இப்போதே கிளம்பினால் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். மொஹசின் ஒயிட்னரை நீட்டினான். அதோடு வந்த பிரஷ் அவளுக்குப் பிடிக்கவில்லை. துடைப்பக்குச்சி ஒன்றை ஒடித்து, கம்பெனிப் பையிலிருந்த பிளேடால் முனையைச் சீவிக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தாளைத் திருப்பிவைத்து, குச்சியில் ஒரு சொட்டு எடுத்து, தன் எழுத்தின் மேல் வைத்தாள். அஸ்கர் அலி என்பது முதலில் போனது. அப்புறம் கணவர். ஒரு பெண் குழந்தை என்று இருந்ததை அழிக்கும்போது மட்டும் குச்சியை எடுத்துவிட்டு, ரமீஸா எங்கே விளையாடுகிறாள் என்று ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்தாள். கடைசி வரி நம்பரோடு முட்டிக்கொண்ட இடத்தில் கண்ணைத் தாளோடு வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தாள். மொஹசினுக்கு மூன்று இலக்கம் போன இடத்தில் அவளுக்கு ஒரு புள்ளிகூடப் போகவில்லை. மரையில் படாமல் பிசிறு எடுக்கிற கை. அந்தத் தாளை அப்படிச் சுத்தம் செய்து கொடுக்க அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. காய்ந்ததும் ஊதிப் பார்த்துவிட்டு மொஹசினிடம் நீட்டினாள். அண்ணி, எழுதியிருந்த தடமே தெரியவில்லையே என்று அவன் அசந்துபோய்ச் சொன்னான். சொன்ன பிறகுதான் இனி அண்ணி என்று கூப்பிடலாமா என்ற சந்தேகம் வந்தது போலிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகக் கூட்ரோட்டுப் பக்கம் நடந்தான். அரைமணியில் திரும்பி வந்து பேக்ஸ் போன சீட்டைக் காட்டினான்.

மறுநாள் காலை ஷிப்ட். ஜபீன் ஐந்து மணிக்கே எழுந்து குளித்து, புர்காவைப் போட்டுக்கொண்டு, கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டினாள். செருப்பைத் தேடியபோது சாயிரா பானு வாசலில் குறுக்கே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் உறுதியாக இருந்தது.

"எங்க கெளம்பிட்ட? மூணு மாசம் இத்தா இருக்கணும் ஜபீனு. வாசப்படி தாண்டக் கூடாது. ஊர் இன்னா சொல்லும்? நாளிக்கு நம்மள ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்புடுவாங்களா?"

மூன்று மாதம் என்ன, மூன்று நாள் வராவிட்டாலே காண்டிராக்டர் வேறு ஆளை மேசையில் உட்கார வைத்துவிடுவான். அஸ்கர் அலி வீட்டுக்குப் பணம் அனுப்பி ஒன்றரை வருஷம் ஆகிறது. வக்கீலுக்கே சரியாகப் போய்விடுகிறது என்று சொல்லியிருந்தான். இதெல்லாம் மாமிக்கும் தெரியும். அதனால் ஜபீன் அதைப் பேசவில்லை.

"ஏழு வருசம் இருந்துட்டேன் மாமி," என்றாள். "இன்னும் பாக்கி இருந்தா உங்க புள்ளைய இருக்கச் சொல்லுங்க."

சாயிரா பானு கையை ஓங்குவாள் போலிருந்தது, ஆனால் ஓங்கவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ரமீஸா புரண்டு படுத்து, தூக்கத்தில் எதையோ முனகினாள். வெளியே ஷேர் ஆட்டோக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அந்த வீட்டில் அரிசி யார் சம்பளத்தில் வருகிறது என்பது சாயிரா பானுவுக்குத் தெரியாதது இல்லை. வாசலிலிருந்து ஒதுங்கி வழிவிட்டாள்.